கதவுக்கு முட்டுக் கொடுத்த வெளிறிய கல்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஆனாலும் மேடம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நாளடைவில் முகத்துக்கு நேரேயும் வந்துவிட்டது. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். யார் என்ன சொன்னாலும் தலையைச் சற்றே சாய்த்து “ஆனாலும்...” என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். மழை வரும்போலிருக்கிறது என்றால் ஆனாலும். சொட்டச் சொட்ட நனைந்து வந்து, மழை வந்துவிட்டது என்று சொன்னாலும் ஆனாலும். கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளை பயணிகள் படகில் இன்ஜின் மெக்கானிக், தங்கமான பிள்ளை என்றார்கள். “ஆனாலும் நகத்துல ஒரு பொட்டு கிரீஸ் இல்லையே” என்று இவர் கேட்டாராம். மெக்கானிக் அடுத்த தடவை கையைக் கழுவாமலே வந்து நின்றார். கல்யாணம் நடந்தது.

தொழிலும் குணத்துக்குத் தோதாகவே அமைந்தது. நடுக்கடலில் ஒரு எரிமலை கக்கிக் கக்கித் தன்னைத் தானே கட்டிக்கொண்ட தீவு அது. அங்கே நிலவியல் நிலையத்தில் இவர் இரண்டாம் நிலை அதிகாரி. கல் பொய் சொல்லாது என்பது அந்தத் துறையில் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பேச்சு. “கல்லு சொல்லாதுங்க, சரி. ஆனாலும் அதை எடுத்துட்டு வந்தவன் சொல்வானே” என்பார் இவர்.

தீவில் எல்லாமே கறுப்பு. சுவர், சாலை, கடற்கரை மணல் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். படித்தவர்கள் அந்தக் கல்லை பசால்ட் என்பார்கள், மற்றவர்கள் கல் என்பார்கள், ஏனென்றால் வேறு கல் அங்கே கிடையாது. மலை அவ்வப்போது நெருப்புக் குழம்பைக் கக்கும். கக்கியது பழைய பள்ளங்கள் வழியே, பென்ஷன் வாங்கப் போகிறவர் நடையில், கடலைப் பார்த்து இறங்கும். வழியில் வீடு இருந்தால் சாமான்களை எடுத்துக்கொண்டு, ஜன்னலைக்கூடக் கழற்றிக்கொண்டு புறப்பட நேரம் இருக்கும். அதனால் ஊரார் மலைக்கு ‘சாது’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மேடம் சாதுவை நம்பவில்லை. முகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. சந்தேகமெல்லாம் வயிற்றைப் பற்றித்தான். ஆழத்திலிருந்து நேரே மேலே வந்துவிடுகிற குழம்பு கறுப்பாக, இளகலாக இருக்கும், ஓடும், ஓய்ந்துவிடும். அதுவே மலையின் அடிவயிற்றில் தேங்கி நின்று, மெல்ல ஆறத் தொடங்கினால் கதை வேறு. ஆலிவின் என்கிற பச்சைப் படிகம் முதலில் உறைந்து, தன் கனத்தால் அடியில் போய்ப் படிந்துவிடும். இரும்பையும் மக்னீசியத்தையும் கையோடு கொண்டுபோய்விடும். அப்புறம் அடுத்த படிகம், அதற்கும் அடுத்தது. கூட்டுக் குடும்பத்தில் கலகலப்பானவர்கள் ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் போய்விட, மிஞ்சியவர்கள் முகம் வெளிறி, பேச்சு இறுகி உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி ஆகிவிடும் மிச்சக் குழம்பு. அது ஓடாது. உள்ளே இருக்கிற வாயுவையும் வெளியே விடாது. எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்து, ஒருநாள் வெடிக்கும். அப்படி வெடித்த மலை வெளிறிய கல்லைத் துப்பியிருக்கும். இந்தத் தீவில் அப்படி ஒரு கல்லை யாரும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே மேடத்துக்குச் சந்தேகமாக இருந்தது.

இத்தனை நாள் அது வெறும் சந்தேகம்தான். யாருக்கும் கெடுதல் இல்லை. அந்த மாதம்தான் அதற்கு வேலை வந்தது. எந்த இடத்தில் வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் ஆபத்து வரைபடம் தயாராகி, மேல் சரிவு முழுவதும் பாதுகாப்பான இடம் என்று அதில் கோடு போட்டாகிவிட்டது. இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று நிலையத்தின் டைரக்டருடையது, மற்றது மேடத்துடையது. மேல் சரிவில் முதல் ஆளாக அஸ்திவாரம் தோண்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவர் குவாரிக்காரர். குவாரிக்காரர் என்றால் வேறு யாருமில்லை, மேடத்தின் சொந்தத் தங்கை புருஷன். கையெழுத்தைப் போட்டால் தங்கை குடும்பம் அந்தச் சரிவில்தான் படுத்துத் தூங்கப்போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மேடமும் மெக்கானிக்கும் தங்கையின் வாடகை வீட்டுக்குத் தேநீருக்குப் போனார்கள். காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க வாசல் கதவின் காலடியில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. இரண்டு கைமுட்டி அளவு. வெளிறிய சாம்பல் நிறம். அந்தத் தீவில் அந்த நிறத்தில் பூனை உண்டு, கல் கிடையாது.

“இது ஏதுடி?”

அழகு நிலையம் நடத்தும் தங்கை அப்போதுதான் நகங்களுக்குச் சிவப்புப் பூச்சுப் போட்டு, விரல்களை விரித்து ஊதிக்கொண்டிருந்தாள். “எது?”

“கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கியே, இது.”

“கல்லுதான் அக்கா.”

“அது தெரியுது. எங்கேயிருந்து வந்துச்சு?”

“அவர்தான் கொண்டுவந்தார். தரையில கோடு விழுதுன்னு அடியில பழைய ரப்பர் விரிப்பை வெட்டி ஒட்டிவெச்சேன். நல்லாருக்குல்ல?”

தேநீர்த் தட்டோடு வந்த குவாரிக்காரர் சட்டென்று நின்றார். “வழியில கெடந்துச்சு அண்ணி.”

“எந்த வழியில மாப்பிள்ளை?”

“வழின்னா... குவாரிக்குப் போற வழி. அங்க வேலை செய்யற ஒருத்தன் குடுத்தான்.”

“கெடந்துச்சா, குடுத்தானா?”

“கெடந்ததை எடுத்துக் குடுத்தான்.”

மெக்கானிக் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னார்: “சகலை, ஒரே பதில்ல நில்லுங்க. கல்யாணம் பண்ணி நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.”

“சொல்லப்போனா அது கடற்கரையில எடுத்ததுங்க” என்றார் குவாரிக்காரர், முடிவாக.

ஒரு கல் ஒரு இடத்தில்தான் பிறக்க முடியும். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்திருக்கிறது, கோடு மாறிவிடுமோ என்று மறைக்கிறார் மனுஷன்; மேடத்துக்கு அதில் கடுகளவும் ஐயமில்லை. அவர்கள் விடைபெற்றுத் தெருவில் இறங்கியபோது பின்னால் தங்கை வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மேடத்தின் கைப்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது.

“திருடிட்டியா?” என்றார் மெக்கானிக்.

“கடன் வாங்கியிருக்கேன்.”

மறுநாள் கல்லின் ஒரு மூலையை மட்டும் ரம்பத்தில் கொடுத்து அறுத்தார். தங்கை சொத்து என்பதால் அடியில் ஒட்டியிருந்த ரப்பரைத் தொடவில்லை. அறுத்த சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தார். மெல்லிய, நீளமான வெள்ளைப் படிகங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. பச்சை ஆலிவின் மருந்துக்குக்கூட இல்லை. ட்ரக்கைட். தேங்கித் தேங்கி வெளிறிப்போன குழம்பின் கல் அது, வெயில் மழையில் மக்கி வெளிறியதல்ல.

டைரக்டர் அறைக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். டைரக்டர் நல்ல மனிதர். மலை சாது என்று மலையைவிட உறுதியாக நம்புகிறவர்.

“கப்பல் கல்லும்மா இது” என்றார். “அந்தக் காலத்துல சரக்கு இல்லாம வர்ற கப்பல், ஆட்டம் காணாம இருக்கறதுக்கு வயித்துல கல்லைப் போட்டுட்டு வரும். இங்க வந்து கொட்டிட்டுச் சரக்கு ஏத்திட்டுப் போகும். துறைமுகத்தைத் தோண்டினா உலகத்துல இருக்கற கல்லெல்லாம் கெடைக்கும்.”

“ஆனாலும் சார், நம்ம மலையோடதா இருந்தா?”

“ஒரு கல்லை வெச்சுக்கிட்டு ஒரு மலையையே தூக்குல போடச் சொல்றியா? வேணும்னா ரசாயனச் சோதனைக்கு அனுப்பு. நம்ம கறுப்புக் கல்லுக்கு இது சொந்தமா இல்லையான்னு பாத்துச் சொல்வாங்க. பதில் வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். இப்போ கையெழுத்தைப் போடும்மா.”

மேடம் வெளியே வந்தார். ஒரு விஷயம் உறுத்தியது. புதிதாக எந்தக் கல்லைப் பார்த்தாலும் எடுத்து, ஊதி, நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்துவிடுகிற மனிதர் டைரக்டர். படிகம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும் என்பார். இந்தக் கல்லை அவர் கையால்கூடத் தொடவில்லை.

எப்படியும் முதல் குற்றவாளி குவாரிக்காரர்தான் என்று மேடம் மேல் சரிவுக்கே போனார். கயிறு கட்டி அறைகளைப் பிரித்து, முழங்கால் ஆழத்துக்கு அஸ்திவாரம் வெட்டியிருந்தது.

“நல்லாப் பாருங்க அண்ணி” என்றார் குவாரிக்காரர். “இது கறுப்பு. அதுவும் கறுப்பு. அந்தப் பக்கம் இருக்கறது கொஞ்சம் அதிகக் கறுப்பு.”

“அந்தத் தார்ப்பாய்க்கு அடியில?”

“சிமென்ட்டு.”

மேடம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். சிமென்ட்தான். ஒரு மூட்டையை விரலால் குத்தியும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கை மேலே ஏறி வந்தாள்.

“அக்கா, என் புருஷனைச் சந்தேகப்படறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். நீ எதுக்கு ஓவர்டைம் பாக்கறே? வீட்டுக்கு வந்து கல்லைத் திருடிட்டுப் போறே, இங்க வந்து மூட்டையைக் குத்தறே!”

“கல்லு எங்க கெடைச்சுதுன்னு அவரை ஒழுங்கா ஒரு பதில் சொல்லச் சொல்லு. நான் போயிடறேன்.”

தங்கை புருஷன் பக்கம் திரும்பினாள். அக்காவிடம் மூன்று பதில் சொல்லியிருந்தவர் பெண்டாட்டியின் ஒரு பார்வைக்குத் தாங்கவில்லை. “உங்க ஆபீஸ் பின்பக்கம் எடுத்தேன் அண்ணி” என்றார்.

விஷயம் இவ்வளவுதான். வரைபடத்தைச் சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லி, மேடம் வெளியே போயிருந்த நாளாகப் பார்த்து குவாரிக்காரர் டைரக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார். பின்கட்டில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே கல் குவிந்து கிடந்தது. சும்மா நின்ற கை சும்மா இருக்கவில்லை. “கல்லை எங்க எடுத்தேன்னு சொன்னா அங்க எதுக்குப் போனேன்னு கேப்பீங்களே” என்றார். கல்லை மறைக்க அவர் பொய் சொல்லவில்லை. தான் போய்வந்த இடத்தை மறைக்கத்தான் சொன்னார்.

நிலையத்தின் பின்பக்கத்தைப் பற்றி மேடத்துக்குத் தெரியாதது இல்லை. அறுத்து, தேய்த்து, பார்த்து முடித்த கல்லின் மிச்சத்தைப் பின்சுவருக்கு மேலாக வீசிவிடுவது அங்கே காலகாலமான பழக்கம். வீசியதில் இவர் பங்கும் நிறைய. அதோடு வெளியூர் மாநாட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும், மற்றவர்கள் இனிப்பு வாங்கி வருகிற மாதிரி, ஒரு கல்லோடு வருவார்கள். அலமாரி நிறைந்ததும் அதுவும் சுவர் தாண்டும். போய்ப் பார்த்தால் சலவைக்கல், செம்மணற்கல், கிரானைட் என்று உலகமே அங்கே கிடந்தது. பிற்காலத்தில் யாராவது அந்த இடத்தைத் தோண்டினால், இந்தத் தீவு பிறந்த கதையைப் பைத்தியக்காரத்தனமாக எழுதிவைப்பார்.

தீவின் சொந்தக் கல்லையும் வந்தேறிக் கல்லையும் பிரித்துச் சொல்ல ஒரு வழி இருந்தது. பாறையிலிருந்து கல்லை உடைப்பதற்கு முன்னால், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று காட்ட, அதன்மேல் வெள்ளை பெயின்ட்டில் ஒரு அம்பு போட்டுவிடுவார்கள். யார் உடைத்தது என்று தெரிய ஆளுக்கொரு விதமாக வால் வைப்பார்கள். மேடத்தின் அம்புக்கு இரட்டைக் கோடு. கீழே கிடந்து எடுத்ததற்கும், பரிசாக வந்ததற்கும் அம்பு கிடையாது. குவியலில் கறுப்புக் கற்களில் எல்லாம் வெள்ளை அம்புகள் பளிச்சென்று தெரிந்தன. வெளியூர்க் கற்களில் ஒன்றுமில்லை. கையிலிருந்த வெளிறிய கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அப்படியானால் இது இங்கே பாறையில் உடைத்ததல்ல, எங்கிருந்தோ எவரோ கொண்டுவந்தது. சாது சாதுதான்.

சந்தேகம் தீர்ந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி. இவருக்கு வீட்டில் ஒரு ஆள் குறைந்தாற்போல் இருந்தது. கல்லைத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்து, குவாரிக்காரரிடம் மன்னிப்பு மாதிரி ஒன்றை முணுமுணுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலை வரைபடத்தை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தபோது தொலைபேசி அடித்தது.

“அக்கா, என் கல்லை என்ன பண்ணித் தொலைச்சே?” தங்கைதான். “ஒரு மூலையைக் காணோம். தண்ணியில ஊறி ரப்பர் கழண்டு வந்துடுச்சு. கழுவிட்டுப் புதுசா ஒட்டலாம்னு பாத்தா, அடியில பெயின்ட்டு வேற.”

“என்ன பெயின்ட்?”

“வெள்ளை. காஞ்சிருந்தப்போ கண்ணுக்கே தெரியல. தண்ணி பட்டதும் கல்லு கறுத்துப்போச்சு, பெயின்ட்டு மட்டும் அப்படியே நிக்குது. அம்பு மாதிரி இருக்குக்கா. வால்ல ஒரு சுழி.”

மேடம் பேனாவை மூடினார்.

கறுப்புத் தீவில் கறுப்புக் கல்லுக்கென்று வாங்கிய வெள்ளை பெயின்ட். வேறு நிறம் அந்த நிலையத்தில் என்றைக்கும் வாங்கியதில்லை. வெளிறிய கல் ஒன்று வந்து சேர்ந்தால் அதில் வெள்ளை அம்பு தெரியாதே என்று ஒருவரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் வெளிறிய கல் வராது என்று எல்லோருக்கும் தெரியும். புருஷன் நகத்திலிருந்து சிமென்ட் மூட்டைவரை சந்தேகப்பட்ட மேடம், தினம் கையில் எடுக்கிற பெயின்ட் டப்பாவையும் தங்கை ஒட்டிய ரப்பரையும் சந்தேகப்படவில்லை. அந்த எரிச்சலே அவரைத் தங்கை வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கல்லை வாளித் தண்ணீரோடு கொண்டுவந்து டைரக்டர் மேசைமேல் வைத்தார். “சார், இந்தச் சுழி யாரோட வால்?”

டைரக்டர் வாளிக்குள் குனிந்து பார்த்தார். “என்னோடது மாதிரித்தான் இருக்கு” என்றார். பிறகு, கடைசித் துரும்பைப் பிடிக்கிறவராக, “ஆனாலும்...” என்று இழுத்தார்.

“அது என் வார்த்தை சார். நீங்க எடுக்காதீங்க.”

அவர் சிரிக்க முயன்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேல் சரிவில் ஒரு பள்ளத்தின் சுவரில், கறுப்பு அடுக்குகளுக்குக் கீழே வெளிறிய சாம்பல் பட்டை ஒன்றைப் பார்த்தாராம். அதில் பதிந்திருந்த கல்லை உடைத்து, ஓடோடி வந்து காட்டினாராம். அன்றைய பெரிய அதிகாரி பார்த்துவிட்டு, கப்பல் கல் என்று சொல்லிவிட்டார். இவரும் சுவருக்கு மேலே வீசிவிட்டார்.

“மலை மேல எப்படி சார் கப்பல் வந்துச்சு?”

“அவர் பெரிய அதிகாரிம்மா. வந்துச்சுன்னா வந்துச்சுதான்.”

“அந்தப் பள்ளம்?”

“அதுக்கப்புறம் ஓடின குழம்புல மூடிப்போச்சு. எனக்கும் மறந்துபோச்சு, மறக்கறது சுலபமாவும் இருந்துச்சு.” வாளியைத் தன் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். “நீ போய்த் தோண்டிப் பாரும்மா. ஒண்ணும் இல்லேன்னா கையெழுத்தைப் போடு.”

தோண்டியது குவாரிக்காரர்தான். தன் அஸ்திவாரத்திலேயே, தன் இயந்திரத்தையே கொண்டுவந்து, அண்ணியின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடுகிற வேகத்தில் தோண்டினார். கறுப்புப் பாறை உடைந்து வந்தது. அதற்குக் கீழே, சூட்டில் வெந்து சிவந்த மண் மெல்லிசாக. மறுபடி கறுப்பு. “போதுமா அண்ணி?” என்று மேலிருந்து கத்தினார். “ஆனாலும் இன்னும் கொஞ்சம்” என்றார் மேடம். அடுத்த தடவை வாரி எடுத்த மண் சாம்பல் நிறமாக இருந்தது. அதில் வெளிறிய கற்கள்.

இயந்திரம் நின்றது. கயிறு கட்டிப் பிரித்ததில் அது அடுப்படி. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த இடம். அவள் இல்லாத ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் நினைத்தது சரியாகப் போனதில் மேடத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. வருமென்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்.

குவாரிக்காரர் இறங்கி வந்து சாம்பலைக் கையில் அள்ளினார். மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்களே கொண்டுவந்து போட்டிருக்க மாட்டீங்களே?”

இந்தக் குடும்பத்துக்குள் அவர் வந்த நாளிலிருந்து மேடம் அவரைப் பிரியமாகப் பார்த்தது அப்போதுதான். “நல்ல கேள்வி மாப்பிள்ளை. மொதல்ல அதைத்தான் கேக்கணும். வாங்க, காட்டறேன்” என்று குழியின் ஓரத்துக்கு அழைத்துப்போனார். சாம்பல் பட்டை குழியின் எல்லாப் பக்கத்திலும் ஒரே மட்டத்தில் ஓடியது. மேலே படிந்த கறுப்புக் குழம்பின் சூட்டில் அதன் முதுகு வெந்து செங்கல் நிறமாகியிருந்தது. “இதுக்கு மேல பாறையை ஊத்தி மூடறதுக்கு என்கிட்ட ஏது வசதி?”

குவாரிக்காரர் வெந்த முதுகைத் தடவிப் பார்த்தார். “அப்போ சாது...”

“ஒருதடவையாவது வெடிச்சிருக்கான்.”

“மறுபடி எப்போ?”

“தெரியாது. தெரியாதுங்கறது மட்டும்தான் நிச்சயமாத் தெரியும்.”

வரைபடத்தில் கோடு அதன்பின் வெகுவாகக் கீழே இறங்கியது. ஊரில் பாதிப் பேர் மேடத்தோடு பேச்சை நிறுத்தினார்கள். மீதிப் பேர் மேல் சரிவில் இவர் தனக்கென்று ஏதோ இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்டார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தின்மீது அவருக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் குழிக்குள் ஒரு கல்லை உடைத்தெடுக்கச் சுத்தியலை ஓங்கியவர் நிறுத்தினார். இன்னும் அம்பு போடவில்லை. பையைத் திறந்தார், வெள்ளை பெயின்ட் டப்பா இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, மேலே நின்ற தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“உன் நகப் பூச்சைக் குடுடி.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் துழாவினாள். சிவப்புக் குப்பி கைமாறியது. மேடம் வெளிறிய கல்லின்மேல் வானத்தைப் பார்த்து ஒரு அம்பு வரைந்து, வாலில் இரட்டைக் கோடு இழுத்தார். நல்ல சிவப்பு. தூரத்திலிருந்தே தெரிந்தது.

“காலி பண்ணிடாதே” என்றாள் தங்கை.

“ஒரே ஒரு கல்லுதான்டி.”

தங்கை தலையைச் சற்றே சாய்த்தாள். “ஆனாலும்...” என்றாள்.